தனிப்பயணத்தில் தனிமை: மேரு முதல் ஹாட்யாய் வரை ஓர் அளவீடு

புராணத்து மேரு பொன்மலை. சூரியனும் சந்திரனும் ஓயாமல் அதைச் சுற்றி வருவதாகச் சொல்வார்கள். மலேசியாவில் கிள்ளானுக்கு வடக்கே இருக்கும் எங்கள் மேருவில் மலை கிடையாது. தட்டையான மண், செம்பனையின் மிச்சம், தளவாடப் பட்டறைகள், கையுறைத் தொழிற்சாலைகள், அவற்றுக்கு நடுவே தாமான் தாமானாகக் குடியிருப்பு வீடுகள். உயரமானது எது என்று கேட்டால் கைப்பேசிக் கோபுரத்தைத்தான் காட்ட முடியும். ஆனாலும் ஒரு குணத்தில் இரண்டு மேருவும் ஒன்று. இங்கே பிறந்தவர்களும் மேருவைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், விலகிப் போக மாட்டார்கள். ஷா ஆலாமில் வேலை, கிள்ளானில் துணிமணி, பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு, பத்துமலையில் நேர்த்திக்கடன், இரவு மேருவில் தூக்கம். கோள்களின் பாதைகூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

இந்த ஈர்ப்பை மீறி ஒரு கோள் நான்கு நாள் தனியே சுற்றிவிட்டு வர முடியுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி. ஆய்வுப்பொருள்: பெண், முப்பத்து நான்கு வயது, தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை, மணமாகாதவர். ஆய்வாளரும் அவரே. களப்பணி நடந்த காலம் 2025 செப்டம்பர் 13 முதல் 16 வரை. மாதிரி எண்ணிக்கை ஒன்றுதானே என்று புள்ளியியலார் குறை சொல்லக்கூடும். ஆராயும் பொருள் தனிமை. இன்னொருவரைச் சேர்த்திருந்தால் ஆய்வே கெட்டுப்போயிருக்கும்.

விடுமுறையின் தோற்றம்

மலேசியாவில் பொது விடுமுறை 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆளப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமையில் விழும் விடுமுறை மறுநாளைக்குத் தள்ளிப்போகும் என்பது அதன் கருணை மிகுந்த பகுதி. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் ஆண்டு விடுப்பைத் தருகிறது: இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாள், ஐந்தாண்டுக்குள் 12, அதற்கு மேல் 16. இந்த நாள்களைச் சிவப்புத் தேதிகளோடு ஒட்ட வைத்து ஒன்றை நான்காக்குவதுதான் மலேசியரின் தேசியக் கணிதம். எங்கள் வீட்டுச் சுவரில் இதற்கென்று இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று பஞ்சாங்கம், மற்றது பந்தய நாள்களில் குதிரைப் படம் போட்டது. எங்கள் குடும்பத்தில் யாரும் பந்தயம் கட்டியதில்லை. ஆனால் விடுமுறையைக் குதிரை நாட்காட்டியில் பார்த்தால்தான் நம்பிக்கை வருகிறது. அம்மா பஞ்சாங்கத்தைப் பார்ப்பார், நான் குதிரையைப் பார்ப்பேன். இருவரும் ஒரே மாதத்தில்தான் வாழ்கிறோமா என்று சில சமயம் சந்தேகம் வரும்.

மலேசியா தினமான செப்டம்பர் 16, 2010 முதல்தான் பொது விடுமுறை. 2025-இல் அது செவ்வாய்க்கிழமை. அதாவது திங்கட்கிழமை இரண்டு விடுமுறைகளுக்கு நடுவில் அநாதையாக மாட்டிக்கொண்டது. இப்படிப்பட்ட திங்கட்கிழமைகளில் மட்டும் தலைகாட்டி, புதன்கிழமை சுவடில்லாமல் மறையும் ஒரு காய்ச்சல் நம் நாட்டில் உண்டு. மருத்துவர்கள் அதற்கு எம்.சி. என்ற விடுப்புச் சான்று எழுதித் தருவார்கள், பெயர் வைக்க மாட்டார்கள். இம்முறை அந்த நோய்க்கு இடமில்லாமல் போயிற்று. ஜூலை 23 அன்று பிரதமர், செப்டம்பர் 15-உம் கூடுதல் விடுமுறை என்று அறிவித்துவிட்டார். அன்றிரவே நான் ரயில் டிக்கெட் எடுத்தேன். நீண்ட விடுமுறைக்கான இ.டி.எஸ். ரயில் இருக்கைகள் தீபாவளிக்கு முந்தைய நாள் முறுக்கு மாதிரி. நினைத்துக்கொண்டிருக்கும்போதே தட்டு காலி.

குதிரை சொன்னதை நான் செய்தேன். பஞ்சாங்கம் சொன்னதை அம்மா சொன்னார்: “பதினேழாம் தேதி புரட்டாசி பொறக்குது. அதுக்குள்ள வந்து கவிச்சியெல்லாம் சாப்பிட்டு முடிச்சிடு.”

இந்த வாக்கியத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாடு என்பது யாது

அனைத்துலகச் சட்டம் கூறும் எல்லைகளை மேரு அப்படியே ஏற்பதில்லை. சிங்கப்பூர் வெளிநாடு அன்று, ஜொகூருக்கு அந்தப் பக்கம். எங்கள் தாத்தா 1965 ஆகஸ்ட் 9-ஐக் கடைசி வரை முழுமனதாக ஒப்புக்கொள்ளவில்லை. தமிழ்நாடும் வெளிநாடு அன்று. திருச்சிக்கு விமானத்தில் ஏறி ஏறக்குறைய நான்கு மணி நேரம் கடலுக்கு மேல் பறந்து இறங்கினாலும் அதற்குப் பெயர் ‘ஊருக்குப் போறது’, அல்லது ‘சேலை எடுக்கப் போறது’. மேடான் ‘பக்கத்துல’. பேங்காக் முதல்தான் வெளிநாடு தொடங்குகிறது என்பது பொதுக் கருத்து. தாய்லாந்தின் தெற்கே சொங்க்லா மாநிலத்தில் உள்ள ஹாட்யாய், இந்த வகைப்பாட்டில் இரண்டுங்கெட்டான். கடப்பிதழ் வேண்டும், பணம் மாற்ற வேண்டும், எழுத்து புரியாது. ஆனால் மெயின் ரோட்டில் நின்றால் ‘பி’ எழுத்தில் தொடங்கும் சிலாங்கூர் கார் எண் கண்ணில் படாமல் இருக்காது. ‘பார்டருக்கு அந்தப் பக்கம்’ என்பதே மக்கள் வழங்கும் பெயர்.

விமானத்தில் போயிருக்கலாமே என்பார்கள். 2001-இல் ஒரு விமான நிறுவனத்தை ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்கு, வாங்கி எல்லாரும் பறக்கலாம் என்று ஆக்கிக்காட்டிய நாடு இது. எல்லாரும் பறக்கலாம் என்பதுதான் சிக்கல். எல்லாரும் பறக்கும் இடத்தில் தனிமை ஏது?

தனியா

சொல்லாராய்ச்சி இல்லாமல் ஒரு தமிழ்க் கட்டுரை நிறைவடையாது. பயணத்தை வீட்டில் அறிவித்ததும் முதலில் எழுந்த சொல் ‘தனியாவா?’ என்பது. அடுத்த அரை மணியில் இது அம்மா, அப்பா, சித்தி, சித்தப்பா, தம்பி ஆகிய ஐவரால் ஐந்து வேறுபட்ட ராகங்களில் சொல்லப்பட்டது. அம்மாவுடையது அச்சம், அப்பாவுடையது செலவு, சித்தியுடையது சந்தேகம், சித்தப்பாவுடையது வியப்பு, தம்பியுடையது பொறாமை.

தமிழ்நாட்டு மளிகைப் பொட்டலங்களில் தனியா என்றால் கொத்தமல்லி விதை. மிளகாயும் சீரகமும் மிளகும் இல்லாமல் அது எந்தக் குழம்பிலும் தனியாகப் போனதில்லை. வறுக்கும்போதும் கூட்டம், அரைக்கும்போதும் கூட்டம். பெயர் மட்டும் தனியா. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள இந்த முரணைத் தமிழ் வேறெங்கும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை என்பது என் துணிபு.

முன்னோர் என்ன சொல்கிறார்கள்? தொல்காப்பியம் பிரிவுக்குக் காரணங்களை வகுத்திருக்கிறது. ஓதப் போகலாம், போருக்குப் போகலாம், தூது போகலாம், பொருள் தேடவும் போகலாம். நான்கு நாள் விடுமுறை என்பது பட்டியலில் இல்லை. பெண்ணோடு கடற்பயணம் போகும் வழக்கமில்லை என்றும் அந்நூல் சொல்கிறது. நான் அதை இருமுறை படித்தேன். பெண்ணை அழைத்துக்கொண்டு ஆண் போவதைத்தான் அது மறுக்கிறது. பெண் தானாகப் போவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடலைத்தான் சொல்கிறது, ரயிலைச் சொல்லவில்லை. ஆகவே இலக்கணப்படி தடையில்லை என்று சாப்பாட்டு மேசையில் நிறுவினேன். “இலக்கணம் இருக்கட்டும், ராத்திரி எங்க தங்குவே?” என்றார் சித்தி.

சங்க நூல்களில் ஆற்றுப்படை என்றொரு வகை உண்டு. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் ஏழைப் பாணனுக்கு வழி சொல்வான்: இன்ன நிலத்தில் இன்னது சாப்பிடக் கிடைக்கும், இன்ன வழியாகப் போ என்று. அந்த இலக்கியம் அழிந்துவிட்டதாகச் சிலர் வருந்துகிறார்கள். அவர்கள் எங்கள் சித்தப்பாவைச் சந்தித்ததில்லை. 2016-இல் ஒருமுறை ஹாட்யாய் போய் வந்தவர் அவர். மணிக்கூண்டிலிருந்து இடப்புறம் திரும்பினால் ஒரு கடை என்று தொடங்கி முக்கால் மணி நேரம் ஆற்றுப்படுத்தினார். அந்த ஊரில் மணிக்கூண்டு எங்கே இருக்கிறது என்று நான்கு நாளும் தேடினேன். பழைய பாணனுக்கும் இவருக்கும் ஒரு வேற்றுமை: அவன் பரிசில் பெற்ற பிறகு பேசினான், இவர் பேசிய பிறகு பரிசில் கேட்டார். “வரும்போது மாமா வாங்கிட்டு வா, ஒரு பெட்டி.” இங்கே மாமா என்பது உறவுமுறைச் சொல் அன்று. தாய்லாந்தின் உடனடி மீ.

சூலமும் தயிரும்

சனிக்கிழமை கிழக்கே சூலம். திங்களுக்கும் அதே. செவ்வாய், புதன் வடக்கு, வியாழன் தெற்கு, வெள்ளி, ஞாயிறு மேற்கு. ஹாட்யாய் வடக்கே இருப்பதால் சனிக்கிழமைப் பயணத்துக்குத் தடையில்லை என்று பாட்டி முதலிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆய்வுப் புத்தி விடவில்லை. வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது, ரயில் புறப்படும் கேஎல் சென்ட்ரல் மேருவுக்கு நேர் கிழக்கே, ஏறத்தாழ ஒரே அட்சக்கோட்டில் கிடந்தது. வடக்கே போக முதலில் கிழக்கே போக வேண்டும். சூலத்தின் வாய்க்குள் சுமார் முப்பது கிலோமீட்டர்.

பரிகாரம் தயிர். விடியற்காலை ஐந்து மணிக்குப் பாட்டி ஆளுக்கொரு கரண்டி கொடுத்தார். ஆளுக்கொரு கரண்டி என்ற சொல்லை வாசகர் கவனிக்க வேண்டும். கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறிப் போகிறேன் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வேன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பயணி ஒருவர், தயிர் உண்டவர் அறுவர்.

பிரிக்பீல்ட்ஸில் நிறுத்திப் பசியாறினோம். ரயில் வேலைக்கு வந்த தமிழர்கள் குடியேறி வளர்ந்த இடம் அது. ஆகவே ரயிலேற்றி விடக் குடும்பமே திரண்டு வருவது அந்த மண்ணுக்குப் புதிதில்லை. 2010-இல் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமரும் சேர்ந்து அதை லிட்டில் இந்தியா என்று திறந்து வைத்தார்கள். 2015 நவம்பரில் அடுத்த இந்தியப் பிரதமர் மோடி வந்து, இந்தியாவின் அன்பளிப்பாக ஒரு தோரண வாயிலையும் திறந்து வைத்தார். அந்தத் தோரணத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். துன் சம்பந்தன் சாலைக் கடையில் தோசை வந்ததும் அம்மா எனக்குப் பட்டியலைக் கொடுத்தார்: முந்திரி, இனிப்புப் புளி, காய்ந்த சோத்தோங் (கணவாய்), மஞ்சள் தைலம் ஆறு புட்டி, தொம்யாம் பசை, யானை போட்ட கால்சட்டை நான்கு அளவுகளில். தனிப்பயணியின் பையில் மூன்று நாள் துணி மட்டுமே இருக்க வேண்டும் என்பது நூல்கள் கூறும் விதி. என் பையில் போகும்போது பாதி காலியிடம் இருந்தது, என் இஷ்டத்தால் அன்று.

சயாம்

இந்த இடத்தில் ‘கட்டுரையாளர்’ என்ற முகமூடியைக் கொஞ்சம் கழற்றி வைக்கிறேன்.

வீட்டில் ‘தனியாவா?’ என்று கேட்காத ஒரே ஆள் பாட்டி. எண்பத்தெட்டு வயது. தாய்லாந்து என்ற சொல் அவர் வாயில் இன்னும் ஏறவில்லை, சயாம்தான். நான் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“திரும்பி வர்றதுக்கும் டிக்கெட் எடுத்துட்டியா?”

1943-இல் அவருக்கு ஆறு வயது. காப்பார் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில் குடும்பம். ஜப்பானியர்கள் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட்டுக்கொண்டிருந்த காலம். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள், முதலில் சம்பளம் என்று ஆசை காட்டி, பிறகு பிடித்து ஏற்றி. பாட்டியின் பெரியப்பா போனார். சரக்குப் பெட்டிகள் போனது பாடாங் பெசார், ஹாட்யாய் வழியாகத்தான். நான் குளிர்சாதனத்தில் இருக்கை எண் பார்த்து உட்காரப் போகும் அதே வழி. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. பெரியப்பா வரவில்லை. சேதியும் வரவில்லை.

கைப்பேசியில் திரும்பும் டிக்கெட்டைக் காட்டினேன். கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். மறுநாள் அலுவலகத்தில் அதைத் தாளில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். தேதியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். நாலாக மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்.

ஓராங்

ரயில் சுங்கை பட்டாணியைத் தாண்டும்போது மேற்கே பூஜாங் பள்ளத்தாக்கு. பழைய கடாரம். இராசேந்திர சோழன் கப்பல்களை அனுப்பிக் கடாரம் கொண்டது ஏறத்தாழ 1025-இல், ஆக நான் போனது ஆயிரமாவது ஆண்டு. அவனுடையது குழுப் பயணம். பயணப்பொதிக்கு எடை வரம்பு கிடையாது. கடாரத்தரசனின் பெருஞ்செல்வத்தோடு வித்தியாதரத் தோரணம் என்ற வாயிலையும் கைப்பற்றியதாக அவன் மெய்க்கீர்த்தி பெருமை பேசுகிறது. எல்லை தாண்டிப் போகும் தமிழர் வீட்டுக்கு எதையாவது தூக்கிவர வேண்டும் என்ற கட்டாயத்தின் மிகப் பழைய சான்றாக நான் அதைக் கொள்கிறேன். அவனுக்கு யார் பட்டியல் கொடுத்தார்கள் என்பது கல்வெட்டில் இல்லை. அந்த வகையில் 2015-இல் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த தோரணத்தை அன்பளிப்பு என்று சொல்வதைவிட, கொஞ்சம் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தது என்று சொல்லலாம்.

பாடாங் பெசார் நிலையத்தில் ஒரு வசதி. நம் குடிநுழைவு முகப்பும் தாய்லாந்து முகப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இறங்கி, இந்தப் பக்கம் வெளியேறி, சில அடி நடந்து, அந்தப் பக்கம் நுழைய வேண்டும். என் கடப்பிதழில் சில்லு இருக்கிறது. உலகிலேயே முதன்முதலில் உயிரளவைக் கடப்பிதழ் வெளியிட்ட நாடு மலேசியாதான், 1998-இல். அது கைரேகை அறியும், யாரோடு போகிறாய் என்று கேட்காது. 2025 மே முதல் தாய்லாந்து கேட்கும் மின்னியல் வருகை அட்டையும் பெயர், தொழில், தங்குமிடம் என்று எல்லாம் கேட்டுவிட்டு அந்தக் கேள்வியை விட்டுவிட்டது. நம் அதிகாரி விடவில்லை. என்னையும் என் பின்னால் இருந்த வெறுமையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “செஓராங்?” என்றார். மலாயில் ஓராங் என்றால் ஆள், செஓராங் என்றால் ஒரே ஆள். ஓர் ஆள், ஓராங்: இதை வைத்து ஒரு மொழியியல் மாநாடு நடத்தத் துடிக்கும் ஆர்வலர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இக்கட்டுரை எந்த உதவியும் செய்யாது.

முத்திரை விழுந்தது. நம் நாட்டிலிருந்து வெளியேறியாயிற்று, அடுத்த நாட்டுக்குள் நுழையவில்லை. அந்தச் சில அடி தூரத்தில், ஏட்டின்படி, நான் எந்த நாட்டிலும் இல்லை. எந்தக் குடும்பத்திலும் இல்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நம் கைப்பேசிக் கோபுரங்கள் குடிநுழைவுத் துறைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அம்மா அழைத்தார்.

“பார்டர் தாண்டிட்டியா?”

ஆம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். “தாண்டிக்கிட்டே இருக்கேன்” என்றேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தமிழைக் கேட்டதும் திரும்பினார். “எந்த ஊரும்மா? மேருவா! மேருவுல எங்க?” அவர் மைத்துனர் எங்கள் தாமானுக்கு அடுத்த தாமான்.

ஏழரை

தாய்லாந்தில் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. 1982 சனவரி 1 வரை இந்த இடைவெளி அரை மணிதான். அதுவரை தீபகற்ப மலேசியாவின் நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது. அன்று அரை மணி தள்ளி எட்டாக்கிக்கொண்டு ஏழரையிலிருந்து விடுபட்டோம். விட்ட ஏழரை எங்கே போயிற்று என்று நெடுநாள் தெரியாமல் இருந்தது. பணம் மாற்றும் கடையில் தெரிந்தது: ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ ஏழரை பாட். சனிக்கிழமை வேறு.

கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொண்டது. கையில் கட்டியிருந்த அப்பாவின் பழைய கடிகாரத்தை நான் திருப்பினேன். அந்த ஒரு மணி நேரம் மேருவின் கணக்கில் வராது. அதை யாருக்கும் சொல்லாமல் எனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். மறுநாள் காலை வழக்கம்போல் ஏழு மணிக்கு அம்மா அழைத்து, “பசியாறியாச்சா?” என்றார். அங்கே ஆறு. திட்டம் அத்தோடு முடிந்தது.

ஆனால் தனிமையின் மறைவு அதற்கும் முன்பே, சனிக்கிழமை மாலை, விடுதி முகப்பில் நிகழ்ந்துவிட்டது. சாவி வாங்கத் திரும்பினால் எங்கள் தாமானின் மூன்றாம் லோரோங் (சந்து) ஆண்ட்டி. கிள்ளானிலிருந்து ஒரு பேருந்து நிறையக் கிளம்பி வந்திருந்தார்கள். “ஏம்மா, நீ தனியாவா வந்தே? அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தானே வந்தே?” பதில் சொல்லி முடிக்குமுன் படம் எடுத்துவிட்டார். நான் மாடிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும் நேரத்தில் அந்தப் படம் குடும்பப் புலனத்தில் வந்து விழுந்தது. வாட்ஸ்அப்பை நம் நாளிதழ்கள் புலனம் என்று எழுதுகின்றன. நல்ல பெயர். ஐம்புலன்களுக்கும் எட்டாததெல்லாம் அதற்கு எட்டும்.

ஞாயிறு பகல் முழுவதும் நான் அவர்கள் பேருந்தில் இருந்தேன். இது எப்படி நிகழ்ந்தது என்று இப்போதும் விளக்க முடியவில்லை. ஓர் இருக்கை காலி என்றார்கள். நகராட்சிப் பூங்கா மலையில் நின்ற கோலப் புத்தரையும் நான்முகப் பிரம்மாவையும் கும்பிட்டோம். கோயிலே அரிதான பிரம்மாவுக்கு இவ்வளவு கூட்டமா என்று ஆண்ட்டி வியந்தார். கிம் யோங் சந்தையில் கடைக்காரப் பெண் “காக்கா, முரா முரா!” (அக்கா, மலிவு மலிவு) என்று மலாயில் கூப்பிட்டு முந்திரி அளந்தார். மலாய் தெரிந்தால் போதும், அந்த ஊரில் தொலைந்து போவது கடினம். பலகைகளில் உள்ள எழுத்தாவது அந்நியமாக இருக்குமா என்று பார்த்தேன். தாய் எழுத்து கெமர் வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. எழுத்துகூடக் காஞ்சிபுரத்துப் பக்கம் சொந்தம். பார்த்தால் முகச்சாயல் தெரிகிறது, பேசினால் புரியவில்லை. சில சொந்தங்கள் அப்படித்தான்.

திங்கள் மாலை ஆண்ட்டி தூங்கிய நேரம் பார்த்து நழுவினேன். அந்த ஊர் பொரித்த கோழிக்குப் பேர் போனது. மேலே பொன்னிறமாக வறுத்த சின்ன வெங்காயத்தைத் தூவித் தருவார்கள். ரயில் நிலையம் பக்கம் ஒரு தள்ளுவண்டி, பிளாஸ்டிக் நாற்காலி, எதிர் நாற்காலி காலி. கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டேன். கடிகாரத்தில் ஏழு பத்து. ஆய்வுக் காலம் முழுவதிலும் நிபந்தனைகள் சரியாக அமைந்த ஒரே சந்தர்ப்பம் இது. அருகில் யாரும் இல்லை, தமிழோ மலாயோ காதில் விழவில்லை, நான் எங்கே இருக்கிறேன் என்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. வெங்காயத்தைக் கடித்தேன். எண்ணெய் குடிக்காமல் இவ்வளவு மொறுமொறுப்பாக எப்படி வறுக்கிறார்கள் என்று அம்மாவிடம் மனசுக்குள் கேட்டேன். அம்மா, உப்புப் போட்டுப் பிசிறி வெயிலில் வைத்திருப்பார்கள் என்றார். சித்தி, இல்லை, அரிசி மாவு என்றார். இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு ஐம்பது. எழும்போது என் கை இன்னும் இரண்டு துண்டைக் கட்டித் தரச் சொல்லிச் சைகை செய்துகொண்டிருந்தது. ஆண்ட்டிக்கு.

திரும்புதல்

செவ்வாய்க்கிழமை பாடாங் பெசாரில் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாட்டுக்குள் நுழைந்தேன். சுங்கத்தில் தைலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். கையில் இரண்டு மூட்டை. ‘மாமா’ பெட்டி ஒரு தனி மூட்டை. தம்பி கேஎல் சென்ட்ரலுக்கு வந்து காத்திருந்தான். மேருவுக்குள் நுழையும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது.

வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. பாட்டி மடியில் நாலாக மடித்த தாள். மேசையில் கோழிக் குழம்பு மூடி வைத்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் 12:20. அம்மா மூடியில் கை வைத்தபடி தயங்கி நின்றார்.

நான் இரண்டு வாதங்களை முன்வைத்தேன். ஒன்று: தமிழர் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, விடியும் வரை ஆவணிதான். “இந்த வீட்ல பன்னண்டு மணிக்குத் தொடங்குது” என்றார் அம்மா. இரண்டு: என் கையில் இருந்த கடிகாரம். ரயிலில் அதைத் திருப்ப மறந்திருந்தேன். 11:20. தாய்லாந்து நேரப்படி ஆவணியில் இன்னும் நாற்பது நிமிடம் மிச்சம். தம்பி உடனே ஆமோதித்தான், அவனும் சாப்பிடவில்லை. அப்பா யோசிப்பது போல் இருந்தார். அம்மா கரண்டியை எடுத்தேவிட்டார்.

பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“சயாம் மணியெல்லாம் இங்க வேணாம். மொதல்ல முள்ளைத் திருப்பு.”

திருப்பினேன். அம்மா குழம்பை மறுபடி மூடி, காலையில் பக்கத்து வீட்டுச் சீன அங்கிளுக்குக் கொடுப்பதற்காக எடுத்து வைத்துவிட்டு, ரசத்தைச் சூடாக்கப் போனார்.